ஆநிரையும் அனலும்

புதுச்சேரியின் ஊர்ப்புறத்தே, நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் மடுகரை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களோடு எல்லை கலந்து கிடக்கும் அவ்வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அங்குள்ள உழவர்க்குத் தீயும் ஆட்டுமந்தையும் புதியன அல்ல. கரும்பு வெட்டி முடிந்ததும் வயலிற் கிடக்கும் சோகையைக் காற்றுத் தணிந்த வேளை பார்த்துக் கொளுத்துவது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு கொளுத்துமுன் வரப்போரத்தைச் செதுக்கி வெறுமண்ணாக்குவர். காற்றின் எதிர்முனையிலிருந்து நெருப்பிடுவர். பக்கத்து வயலைக் காக்கப் பச்சைத் தழையோடு ஆட்கள் நிற்பர். சோகையை எரிக்காமல் மூடாக்காக இடுவதே மண்ணுக்கு நலம் என்று இன்று வேளாண் அறிஞர் அறிவுறுத்துகின்றனர். எனினும் நெருப்பைக் கட்டுக்குள் வைத்து ஆளும் அறிவு அவ்வழக்கத்தில் அடங்கியுள்ளது.

அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆட்டுக்கிடை கட்டுவதும் அத்தகையதே. ஆட்டின் புழுக்கையும் நீரும் மண்ணுக்கு உரமாகின்றன. காலையில் கிடையைப் பெயர்த்து அடுத்த இடத்தில் அமைப்பர். ஒரே இடத்தில் பல நாள் கிடை கிடந்தால் மண் இறுகிவிடும் என்பதை இடையர் அறிவர். கோடையில் பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும் வற்றத் தொடங்கும்போது, ஏரியின் உட்புறத்தே முளைக்கும் பசும்புல்லை மாடுகள் மேய்வதையும் காணலாம்.

மேய்ச்சல், நெருப்பு ஆகிய இவ்விரண்டு கருவிகளும் வயலுக்கும் ஏரிக்கும் மட்டுமே உரியன அல்ல. காட்டு விலங்குகளும் பறவைகளும் வாழும் நிலங்களைப் பேணுவதற்கும் இவை பயன்படும். ‘காட்டைக் காக்க வேண்டுமானால் மாட்டை விரட்ட வேண்டும், தீயை அணைக்க வேண்டும்’ என்பதே பலர் எண்ணம். அவ்வெண்ணத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. எங்கே விரட்டுவது, எங்கே விடுவது, எப்போது அணைப்பது, எப்போது மூட்டுவது என அறிவதே நிலத்தை ஆளும் கலையாகும்.

முதலிற் புல்லின் இயல்பை அறிதல் வேண்டும். மரம் நுனியில் வளர்வது. அதன் கொழுந்தைக் கிள்ளினால் வளர்ச்சி தடைப்படும். புல்லோ அடியில் வளர்வது. அதன் வளரும் முனை மண்ணை ஒட்டியே உள்ளது. ஆதலால் மாடு நுனியைக் கறித்தாலும், நெருப்பு மேற்பகுதியைப் பொசுக்கினாலும், அடியிலிருந்து புதிய இலை எழும். மாறாக, மேய்வதற்கு விலங்கும் பொசுக்குவதற்கு நெருப்பும் இன்றிப் பல ஆண்டு விடப்பட்ட புல் முற்றிக் காய்ந்து தன் மேலேயே சாய்கிறது. பழைய தாளின் அடியில் வெயில் புகாமையால் புதிய தளிர் எழுவதில்லை. முற்றிய தாளில் சத்துக் குறைவு. மானும் அதனை விரும்பாது. காலப்போக்கில் புல்லின் இடையே முள்ளும் புதரும் தலைதூக்கும். புதர் மண்டியபின் அது புல்வெளியாக இராது. புல்லை நம்பிய உயிர்களும் அங்கே இரா.

இவ்வுண்மையைப் பெரும் விலை கொடுத்து உணர்த்திய இடம் இராசத்தானத்திலுள்ள பரத்பூர். அவ்வூரை அடுத்து, ஏறத்தாழ 29 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் கேவலாதேவ் என்னும் சதுப்புநிலம் உள்ளது. அது மன்னர் காலத்தில் கரை கட்டி நீர் தேக்கி உருவாக்கப்பட்டது. மன்னரும் அவர் விருந்தினரும் அங்கே நீர்ப்பறவைகளை வேட்டையாடினர். 1938ஆம் ஆண்டு ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன என்று அங்குள்ள கல்வெட்டு ஒன்று கூறுகிறது. விடுதலைக்குப் பின் வேட்டைக்களம் புகலிடமாயிற்று. 1956இல் அது பறவைகள் சரணாலயமானது. 1982இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான வாத்துகளும், அரிய சைபீரியப் பெருங்கொக்குகளும் அங்கே வந்து தங்கின.

அச்சதுப்பில் அண்டை ஊரார் தலைமுறை தலைமுறையாக எருமைகளையும் மாடுகளையும் மேய்த்து வந்தனர். இம்மேய்ச்சல் பறவைகளுக்கு ஊறு விளைக்கும் என்று அறிஞர் பலர் கருதினர். தேசியப் பூங்காவில் மேய்ச்சல் கூடாது என்பது சட்டமுமாகும். எனவே 1982 நவம்பரில் மேய்ச்சல் முற்றிலும் தடுக்கப்பட்டது. ஊரார் தம் வாழ்வு பறிபோவதாகக் கொதித்தெழுந்தனர், மோதல் மூண்டது, காவலர் துப்பாக்கியால் சுட்டதில் ஊரார் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காப்பதற்கென எழுந்த ஓர் ஆணை மனித உயிர்களைப் பலிகொண்டது.

பின்னர் நிகழ்ந்தது யாது? எருமைகள் வெளியேறிய சில ஆண்டுகளிலேயே நீரில் வளரும் ஒருவகைப் புல் கட்டின்றிப் பெருகியது. ஆழமற்ற நீர்ப்பரப்புகளைப் புல் மூடியது. மீன்களின் வளர்ச்சி குன்றியது. நீந்தித் திரியும் வாத்துகளுக்குத் திறந்த நீர் அரிதாயிற்று. பறவை அறிஞர் சலீம் அலி பல்லாண்டு பணியாற்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1980இல் தொடங்கிப் பத்தாண்டு அச்சதுப்பை ஆராய்ந்தது. எருமைகள் புல்லைத் தின்று நீரைத் திறந்து வைத்திருந்தன, அவற்றை விலக்கியதால் பறவைகளின் வாழிடம் கெட்டது என்பதே அவ்வாய்வின் முடிவாகும். எருமை செய்த வேலையை மனிதர் செய்ய வேண்டியதாயிற்று. ஊரார் உள்ளே சென்று புல் அறுத்துச் செல்ல இசைவு தரப்பட்டது.

அண்டை ஊர் முதியோர் இன்னொன்றும் கூறினர். முன்னாளில் தாங்கள் வெட்டிவேர் தோண்டியபோது மண் இளகிக் கிடந்தது. பெருங்கொக்குகள் தம் அலகால் எளிதிற் கிழங்குகளை அகழ்ந்து உண்டன. தோண்டல் நின்றபின் மண் இறுகிவிட்டது என்பது அவர்தம் கூற்று. சைபீரியப் பெருங்கொக்கு 2002ஆம் ஆண்டிற்குப் பின் பரத்பூருக்கு வரவில்லை. நெடுவழியில் நேர்ந்த வேட்டையே அதன் மறைவுக்குத் தலையாய காரணம் என்பர். ஆயினும் நிலத்தோடு பழகியவர் சொல்லையும் ஆய்வாளர் செவிமடுக்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி கற்பித்தது.

இனித் தீயை நோக்குவோம். காட்டுத்தீ எல்லாம் ஒரு தன்மையது அன்று. தரையிற் கிடக்கும் சருகையும் புல்லையும் மட்டும் பற்றி முழங்கால் உயரத்தில் மெல்ல நகர்வது தரைத்தீ. மரத்தின் முடிக்குத் தாவிக் காற்றோடு பாய்வது முடித்தீ. முன்னது கடந்து சென்றபின் மரங்கள் உயிரோடு நிற்கும். பின்னது சென்ற வழியில் கரிக்கட்டையே எஞ்சும். வெப்பம் மேல்நோக்கி எழும் இயல்பினது. ஆதலால் விரைந்து செல்லும் தரைத்தீயில், மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்திலுள்ள வேரும் விதையும் பெரும்பாலும் தீங்கின்றிப் பிழைக்கின்றன. எரிந்த சாம்பல் மண்ணிற் கலந்து தளிருக்கு உணவாகிறது. எவ்வளவு எரிபொருள் சேர்ந்துள்ளது, அதில் எவ்வளவு ஈரம் உள்ளது, காற்று எவ்வாறு வீசுகிறது என்னும் மூன்றுமே தீயின் தன்மையை வகுக்கின்றன.

இதனைத் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய கருநாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் நன்கு அறிந்திருந்தனர். ஆண்டுதோறும் கோடை முதிர்வதற்கு முன்னரே, சருகில் சிறிது ஈரம் எஞ்சியிருக்கும் காலத்தில், அவர்கள் சிறு சிறு இடங்களிற் சருகுக்குத் தீயிடுவர். அதனைத் ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத்தீ என்பர். அதனால் ஒற்றையடிப் பாதைகள் துலங்கின; உண்ணிகள் குறைந்தன; புதுப்புல் துளிர்த்தது; நெல்லி மரத்தைப் பற்றி உறிஞ்சும் புல்லுருவி அடங்கியது. ஆண்டுதோறும் சருகு எரிந்துவிடுவதால், பெருந்தீ மூளுவதற்கு வேண்டிய எரிபொருள் காட்டிற் சேரவில்லை.

1974ஆம் ஆண்டில் அம்மலை சரணாலயமாயிற்று. சோலிகரின் காட்டெரி வேளாண்மையும் சருகுத்தீயும் தடை செய்யப்பட்டன. அதன்பின் உண்ணிச்செடி அங்கே பெருகத் தொடங்கியது. உண்ணிச்செடி இந்நாட்டிற்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ணப் பூக்களுக்காக அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து கொணரப்பட்டது. தோட்டத்தில் நட்ட செடியின் கனியைப் பறவைகள் உண்டு காடெங்கும் விதைத்துவிட்டன. ஆய்வாளர் பிலிகிரிரங்கன் மலையிற் குறித்து வைத்த இடங்களை 1997இலும் மீண்டும் 2008இலும் ஆராய்ந்தனர். அப்பதினோராண்டில் உண்ணிச்செடி உள்ள இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன. இளஞ்செடியை முன்பு சருகுத்தீ கொன்றது, தீ நின்றதால் செடி தழைத்தது என்பர் சோலிகர். பெருந்தீயே செடிக்கு இடமளிக்கிறது என்று வாதிடும் அறிஞரும் உளர். செடி முதிர்ந்து புதராகிவிட்டால் தீயிட்டும் பயனில்லை என்பதில் இருவரும் ஒன்றுபடுவர். வேர் பிழைத்து மீண்டும் துளிர்க்கும். தரையிலெழும் தீயை மர முடிக்கு ஏற்றிவிடும் ஏணியாகவும் அப்புதர் அமையும். அந்நிலையில் வேரோடு பிடுங்குவதே வழி. காலத்தாற் செய்த சிறுதீயால் முடிவது, காலம் கடந்தபின் பெருமுயற்சியாலும் எளிதில் முடிவதில்லை. 2011இல் அம்மலை புலிகள் காப்பகமானது. அவ்வாண்டே சோலிகரின் வன உரிமைகளும் சட்டப்படி ஏற்கப்பட்டன.

தீயைக் கருவியாகக் கொண்டு விலங்கைப் பேணிய இடங்களும் உள. மூணாற்றை அடுத்த இரவிகுளம், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மிகுதியாக வாழும் மலைப்புல்வெளி. பரப்பு 97 சதுரக் கிலோமீட்டர். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே, தேயிலைத் தோட்டத்தார் அதனைக் காத்துவந்தனர். அவர்களுக்குக் காவலராக இருந்தோர் அம்மலையின் முதுவர். பனி நீங்காத குளிர்ப்பருவ இறுதியில், புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சில ஆண்டுக்கு ஒருமுறை என மாற்றி மாற்றித் தீயிட்டனர். எரிந்த துண்டில் எழும் இளம்புல்லை வரையாடு நாடி வரும்; எரியாத துண்டில் அது ஒளிந்து இளைப்பாறும். முழுமலையும் ஒருங்கே எரியாதவாறு காப்பதே இம்முறையின் நுட்பம். அசாமிலுள்ள காசிரங்காவிலும் வறட்சிக் காலத்தில் உயர்ந்த யானைப்புல்லுக்கு வனத்துறையினர் தீயிடுவர். ஆளுயரத்திற்கு மேல் முற்றி நிற்கும் புல் எரிந்தபின் தளிர்ப்பதைக் காண்டாமிருகமும் சதுப்பு மானும் உண்கின்றன.

பிற நாடுகளும் இப்பாடத்தைக் கற்றுள்ளன. அமெரிக்க வனத்துறை 1935இல் ஒரு விதி வகுத்தது: எந்தக் காட்டுத்தீயையும் மறுநாட் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும். விதி உறுதியாகச் செயற்பட்டது, சிறுதீக்கள் அணைந்தன. ஆனால் மேற்குப் பகுதியின் பைன் காடுகளில் சருகும் இளமரமும் பல்லாண்டு சேர்ந்து, பிறகு மூண்ட தீ அணைக்க இயலாத பெருந்தீயாயிற்று. 1970களில் அவ்விதி கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1954 முதல் நிலத்தைத் துண்டுகளாக்கி, சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை ஈராண்டுக்கு ஒருமுறை, சிலவற்றை ஒருபோதும் எரிக்காமல் விட்டு ஆராய்ந்து வருகின்றனர். மழை மிகுந்த பகுதிகளில் தீ காணாத துண்டுகளில் மரமும் புதரும் அடர்ந்தன. ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள ஆர்னம் நிலத்தில், பழங்குடியினரின் முன்கோடைத் தீமுறையை 2006 முதல் பெருந்திட்டமாக நடத்துகின்றனர். பின்கோடையின் கொடுந்தீ அதனாற் குறைந்தது.

கட்டுப்படுத்திய தீயை மூட்டுவது எவ்வாறு? எரிக்க வேண்டிய நிலத்தைச் சுற்றி முதலிற் புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு அமைப்பர். ஓடை, பாறை, பாதை ஆகியவற்றையும் எல்லையாகக் கொள்வர். காலைப் பனி முற்றும் உலராத வேளையைத் தேர்வர். காற்று எத்திசைக்குச் செல்கிறதோ அத்திசை ஓரத்திலிருந்து தொடங்கிக் காற்றை எதிர்த்துத் தீ நகருமாறு செய்வர். அத்தகைய தீ தாழ்ந்தும் மெதுவாகவும் செல்லும். விலங்குகள் ஓடித் தப்ப ஒருபுறம் வழி விடுவர். தரையிற் கூடு கட்டும் பறவைகளின் பருவத்தை விலக்குவர். தீ அடங்கியபின்னும் புகையும் கட்டைகளை நீரூற்றி அவித்தபின்னரே ஆட்கள் திரும்புவர். மேய்ச்சலுக்கும் இவ்வாறே அளவு உண்டு. எத்தனை கால்நடை, எத்தனை நாள், எந்தப் பருவம் என வரையறுத்து, ஓர் இடத்தை மேய்ந்தபின் அதற்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும். மடுகரைப் பக்கத்து இடையர் கிடையை நாள்தோறும் பெயர்ப்பதும் இக்கொள்கையே அன்றோ?

அளவு மீறினால் இக்கருவிகளே பகையாகும். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்கள் வாழும் புல்வெளியைச் சீமைக்கருவேலம் நெருக்கிவருகிறது. அங்குத் திரியும் மட்டக்குதிரைகளும் மாடுகளும் அதன் காய்களைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. பரத்பூரில் களையைத் தின்று உதவிய கால்நடை, கோடியக்கரையில் களையை விதைக்கிறது. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டெருதுகள் மடிந்தன. அந்நோய் கால்நடைகளை வருத்துவது. தடுப்பூசியால் அந்நோய் 2011இல் உலகினின்றே ஒழிக்கப்பட்டது. ஆயினும் நோயுற்ற மந்தையைக் காட்டிற்குள் விடலாகாது என்னும் பாடம் அழியாது. தீயின் கொடுமைக்கோ சான்று தேட வேண்டுவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். மார்ச்சு மாதத்துக் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, வீசிய காற்று ஆகியவை சேர்ந்தபோது தீயின் விரைவுக்கு மனிதரின் ஓட்டம் ஈடாகவில்லை. ஆகவே காட்டில் தனி ஒருவர் தீயிடுதல் சட்டப்படி குற்றமாகும். பயிற்சி பெற்றோர், உரிய இசைவோடு, உரிய காலத்திற் செய்வதே கட்டுப்படுத்திய தீ. மற்றவை எல்லாம் காட்டழிவே.

இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்தது. பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றிற்கு மட்டும் உரியதாக்கியது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில், செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட மலைமாட்டினத்தை வளர்ப்போர் காட்டுப்பட்டிகளையே நம்பியுள்ளனர். கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்க்கும் இனமன்று அது. மேய்ச்சல் நின்றால் அவ்வினத்தின் நிலை என்னாகும் என்று அவர்கள் வினவுகின்றனர். காட்டைப் புலிக்கும் யானைக்கும் உரியதாகக் காக்க வேண்டும் என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. இரு தரப்பும் அமர்ந்து, எந்தச் சரிவில் மேய்ச்சல் நலம் செய்கிறது, எந்தச் சரிவில் தீங்கு செய்கிறது என அளந்து முடிவு செய்வதே அறமாகும். அளவாமல் ஆணையிட்டதன் விளைவைப் பரத்பூர் காட்டிவிட்டது.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது, காட்டுநிலமாகிய முல்லையை ஆநிரை மேய்க்கும் ஆயர்க்கு உரியதாகக் கண்டனர். குறிஞ்சி மக்கள் காட்டை எரித்துத் தினைப்புனம் அமைத்தனர். மனிதரின் கைபடாத காடு என்று இன்று கருதப்படும் இடங்கள் பலவற்றில் மேய்ப்பரின் அடிச்சுவடும் தீயின் கரியும் முன்னரே பதிந்துள்ளன. அந்நிலங்களைப் பேணுவோர் அவ்வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் கரையிலும் பாகூர் ஏரிக்கரையிலும் நின்று நோக்கும் மாணவர், எந்த மாதத்தில் நீர் வற்றுகிறது, எந்தப் புல் முளைக்கிறது, எந்தப் பறவை எங்கே இரை தேடுகிறது, மாடு மேய்ந்த இடத்திற்கும் மேயாத இடத்திற்கும் என்ன வேறுபாடு என்பனவற்றை ஏட்டில் குறித்து வரலாம். அருகே கோல் ஊன்றி நிற்கும் மேய்ப்பரிடம் வினவினால், ஏட்டில் இல்லாத பலவற்றை அவர் கூறுவார். நூலறிவும் நிலத்தறிவும் கைகோத்த இடத்தில் மாடும் மானும் பறவையும் மனிதரும் ஒருங்கே வாழ வழி பிறக்கும்.